முடி மாறுவதற்காகக் காத்திருந்தவள்

எங்கள் கால்நடைக் கிளினிக்கில் அக்காவுக்குக் கட்டைவிரல் என்று பெயர். டாக்டர் வைத்தது. வலது கைக் கட்டைவிரலின் உட்பக்கம் பழைய செருப்பின் அடி மாதிரி தட்டையாக, மஞ்சளாகக் காய்த்துக் கிடக்கும். ஊசி குத்தினாலும் உறைக்காது என்பாள். நம்பாத ஒருத்தருக்கு ஒருநாள் குத்தியே காட்டினாள். பதினைந்து வருஷம் ஸ்பேனியல் நாய்களின் செத்த முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துப் பறித்த விரல் அது.

நான் அதே கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் எழுதுகிறவள். அக்காவின் கதையில் பாதி அவள் சொல்லித் தெரியும். மீதி என் கண்ணெதிரே நடந்தது. அதில் ஒரு இடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து, இனி வரமாட்டேன் என்று ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினான். ஆள்தான் வந்தான், கடிதம்கூட இல்லை. இருபத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு அக்கா தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணனுக்குப் பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறை. அண்ணிக்கு நாய்கள். பொழுதுபோக்குக்கு வளர்க்கிறவள் இல்லை அண்ணி. தங்கச் சிவப்பு ஸ்பேனியல்களை இனம் பார்த்துச் சேர்த்து, குட்டி எடுத்து, போட்டிக்குக் கொண்டுபோய்க் கோப்பை வாங்குகிறவள். வீட்டுக் கூடத்தில் மனுஷர்கள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. சுவர் முழுக்க நாய்கள்.

பின்பக்கம் நாய் குளிப்பாட்டும் அறையில் அக்காவுக்குக் கட்டில் போட்டார்கள். தொட்டி, முடி உலர்த்த ஊதுகிற மெஷின், நாய்த் தீவனச் சாக்கு, மடக்கு மேஜை, நடுவில் கட்டில். "சும்மா உக்காந்தா மனசு கெடும். நாய்களைப் பார்த்துக்கோ" என்றாள் அண்ணி. அக்கா பார்த்துக்கொண்டாள். குட்டிக்குக் கண் துடைப்பதில் ஆரம்பித்தவள், மூன்றே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் யாருக்கும் வராத கைவேலையைக் கற்றுக்கொண்டாள். வெளியாட்களும் தங்கள் நாய்களை அவளிடம் கொண்டுவந்தார்கள்.

ஸ்பேனியலுக்கு முதுகு முடி ஒட்டிப் படிந்து மினுங்க வேண்டும். காதிலும் மார்பிலும் கால் பின்புறத்திலும் நீளமாகத் தொங்க வேண்டும். முதுகில் முடி வெட்டும் மெஷினை ஓட்டினால் சுலபம்தான், ஆனால் மேல்முடி வெட்டுப்பட்டு அடிமுடி கிளம்பி, பளபளப்பு போய்விடும். அதனால் போட்டி நாய்க்கு முதுகில் மெஷின் கூடாது. தொண்டைக்கும் காதின் மேல்பக்கத்துக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் விரலால் பறிக்க வேண்டும். ஒரு நாய்க்கு நாலு மணி நேரம். மேடையில் நாயை நடத்திக் கோப்பை வாங்குவது அண்ணி. வேன் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்கா. ஒரு போட்டோவில் நாயின் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி அக்காவும் விழுந்திருந்தாள். அதை வெட்டிச் சட்டம் போட்டார்கள். விரல் மட்டும் ஓரத்தில் மிஞ்சியது.

அண்ணியின் நாய்களிலேயே அதிகப் பரிசு வாங்கியது பட்டு என்கிற பெட்டை. அந்தப் பெயருக்கேற்ற முடி. கையை வைத்தால் நழுவும். நாலு தடவை குட்டி போட்டாள். மூன்றாவதோடு நிறுத்தலாம் என்று அக்கா சொன்னாள். "பெத்துப் பார்த்தவளா நீ, சொல்றதுக்கு?" என்று அண்ணி கேட்டாள். நாலாவது ஈற்றில் ஆண் குட்டி ஒன்றுதான் உருப்படி. அதற்கு மேஜர் என்று பெயர் வைத்தார்கள். அது பிறந்து ஒரு வருஷத்தில், பட்டுக்கு ஏழு வயது இருக்கும்போது, கர்ப்பப்பை சீழ் பிடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா வாயைத் திறந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அப்புறம் எத்தனை நாள் பேச்சு வாங்கினாள் என்று கணக்கே இல்லை.

"உடனே செஞ்சிடலாம் அண்ணி, உயிர் முக்கியம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இதுக்கப்புறம் முடி மாறலாம். வெளியாளுங்க கொண்டுவந்த நாய்ல ரெண்டு பாத்திருக்கேன்."

"உள்ள ஒரு உசுரு இழுத்துக்கிட்டு இருக்கு. இவளுக்கு முடி!" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னாள். "உன் தங்கச்சி வாயில நல்லதே வராதா?"

பட்டு பிழைத்துக்கொண்டாள். நாலு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் அக்காவின் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. பறிக்கப் பறிக்க அடிமுடி பஞ்சு பஞ்சாக வந்துகொண்டே இருந்தது. படிய மறுத்தது. ஆறாம் மாதம் காது நுனி சடைபிடித்தது. ஏழில் தொடையும் வயிற்றோரமும் ஆட்டுக்குட்டி மாதிரி சுருண்டு பொம்மின. தங்கச் சிவப்பு வெளுத்து, தேநீரில் பால் கூடிப்போன நிறமானது. காலையில் சீவினால் சாயங்காலம் சிக்கு. அக்கா தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். விரல் தோற்றது.

பட்டுக்கு எட்டு வயது முடிந்த சமயம் ஒரு பெரிய போட்டி. வயதான நாய்களுக்கென்று அதில் ஒரு பிரிவு உண்டு. கர்ப்பப்பை எடுத்த நாயும் நிற்கலாம். கடைசியாக ஒரு கோப்பை வாங்கிவிட்டு ஓய்வு கொடுக்கலாம் என்பது அண்ணியின் கணக்கு. "கொண்டுபோக வேண்டாம் அண்ணி" என்று அக்கா கெஞ்சினாள். "உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்தது.

நடுவர் பட்டுவின் முதுகில் கை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"ஏம்மா, மெஷின் போட்டு மழிச்சிட்டீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் நாய்க்காரர்கள். அவர்கள் காதில் விழ வேண்டியதைத் தவற விடுவார்களா? ஒருத்தர் சிரித்தார். "பட்டு பஞ்சாப் போச்சு" என்றார் இன்னொருத்தர். அண்ணி சிரித்த முகத்தோடு நாயை நடத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

"கை வலிக்குதுன்னு மெஷினைப் போட்டுட்டே. ஒத்துக்கோ."

"இல்ல அண்ணி. ஆபரேஷனுக்கப்புறம் மாறும்னு அன்னிக்கே சொன்னேனே."

"ஓ, அப்பவே பிளான் பண்ணிட்டியா?"

அண்ணன் எழுந்துபோய் அக்காவின் கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப் பெட்டியை இழுத்தான். சின்ன மெஷினை எடுத்தான். பல்லுக்கு நடுவே சிவப்பு முடி சிக்கியிருந்தது.

"இது என்ன?"

"தொண்டை முடி அண்ணா. தொண்டைக்கு மெஷின்தானே போடணும். அண்ணிக்கே தெரியும்."

அண்ணிக்குத் தெரியும். சொல்லவில்லை. அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள்: ஆபரேஷன் செய்த டாக்டரையே கேளுங்கள். அண்ணி போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். தன் தலையில் ஏதோ பழி விழப்போகிறது என்று அந்த மனுஷன் நினைத்திருக்க வேண்டும். "ஆபரேஷனுக்கும் முடிக்கும் சம்பந்தமே கிடையாதுங்க, நாங்க எல்லாம் சுத்தமாத்தான் பண்ணினோம்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். அதோடு முடிந்தது.

"உன் கையால நாசமானது உன்னோடயே கிடக்கட்டும்" என்று பட்டுவை அக்காவின் அறைக்குத் தள்ளினார்கள். வெளியாள் கொண்டுவருகிற நாய்களும் நின்றுபோயின. அண்ணி ஒவ்வொருத்தருக்காகப் போன் செய்து, என் நாத்தனார் கையில் நாயைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாய்க்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அதுதான் வேடிக்கை. அண்ணி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அதைக் கூட்டிட்டு வா." அக்கா பட்டுவோடு கூடத்துக்கு வந்து நிற்க வேண்டும். "தொட்டுப் பாருங்க. இதுதான் மூணு தடவை முதல் பரிசு வாங்கின நாய்." தொட்டுப் பார்ப்பார்கள். உச்சுக் கொட்டுவார்கள். "கையையும் காட்டு" என்பாள் அண்ணி. "இந்தக் கையாலதான் சோறு திங்கறா." அண்ணன் பேப்பரைத் திருப்புவான். ஏழு மாதம், ஞாயிறு தவறாமல், இது நடந்தது.

அப்போதெல்லாம் அக்காவின் தலைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடியதாம். இன்னொரு நாய்க்கு மாறினால் நம்புவார்கள். அதே ரத்தம், அதே நிறம், முதுகில் மெஷின் படவே படாத நாய். அப்படி ஒரு நாய் வீட்டில் இருந்தது. பட்டுவின் மகன் மேஜர். இரண்டரை வயது, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்த வருஷம் இரண்டு கோப்பை. அண்ணி அவனைத் தரையில் விடாத குறையாகத் தாங்கினாள். அவனோ அக்காவின் காலடியை விட்டதில்லை. குட்டியில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்.

நகராட்சி லாரி ஷெட்டில் எங்கள் டாக்டர் இலவசக் கருத்தடை முகாம் நடத்துவார். பெரும்பாலும் தெருநாய்கள். கூண்டும் குரைப்பும் டெட்டால் வாசனையுமாக இருக்கும். வாசலில் மேஜை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் தங்கமாக மின்னிக்கொண்டு ஒரு ஸ்பேனியல் வந்து நின்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இதுக்கா? நல்ல ஜாதி நாயாச்சேங்க. நிச்சயமாவா?"

"நிச்சயம்."

"உங்க நாய்தானே?"

"என் நாய்தான்" என்றாள். கண் இமைக்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். அண்ணனும் அண்ணியும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? மேஜர் வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போனது. குளிக்கத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணி மேஜரைக் கூப்பிட்டாள். அவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்ததும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"உனக்குத்தான் ஒண்ணும் பொறக்கலை. ஊர்ல ஒரு உசுருக்கும் பொறக்கக் கூடாதா?"

"ஒரு வருஷம் பொறுங்க அண்ணி. இதோட முடியும் மாறும். அப்ப தெரியும் நான்..."

அண்ணி கையிலிருந்த நாய்ச் சங்கிலியால் வாய்மேலேயே அடித்தாள். கீழ் உதடு கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அண்ணன் உள்ளே போய், பதினைந்து வருஷத்துக்கு முன் அவள் கொண்டுவந்த அதே பெட்டியில் கைக்குக் கிடைத்ததைத் திணித்து, வாசலில் வைத்தான். இரண்டு நாய்களையும் வெளியே விட்டான். "இனிமே இது எதுக்கு ஆகும்? நீயே வெச்சுக்கோ" என்றான். மேஜர் திரும்பவும் வீட்டுக்குள் ஓடப் பார்த்தது. அண்ணி அதன் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

மேஜரின் தையல் காய்ந்ததா என்று காட்ட எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது அக்காவின் உதட்டிலும் தையல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் முதலில் என்னைத்தான் பிடித்துக் காய்ச்சினார், விசாரிக்காமல் சாட்சி போட்டதற்கு. அப்புறம் அக்காவிடம், "நீங்க சொன்னது சரிதாம்மா. ஹார்மோன் போனா முடி மாறும். ஸ்பேனியலுக்கு, அதுவும் இந்தச் செம்பட்டை நிறத்துக்கு, நிறையப் பாத்திருக்கேன்" என்றார். அக்கா அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்தில் அவளை நம்பிய முதல் ஆள். ஆனால் அந்த ஆள் நம்பி என்ன பிரயோஜனம்? அவள் நம்ப வைக்க வேண்டியது வேறு ஆட்களை.

கிளினிக்கின் பின்னால் நாய் குளிப்பாட்டும் அறையை அவளிடம் ஒப்படைத்தார் டாக்டர். ஒட்டினாற்போல் மருந்துப் பெட்டி அடுக்கும் அறையில் தங்கிக்கொண்டாள். மறுபடியும் தொட்டி, ஊதுகிற மெஷின், கட்டில். "எனக்குன்னு கடவுள் இந்த ரூமைத்தான் எழுதி வெச்சிருக்கான், அட்ரஸ்தான் மாறுது" என்று சிரித்தாள். சிரித்தால் உதடு கோணும்.

காத்திருப்பு ஆரம்பமானது. தினமும் காலையில் மேஜரை மேஜைமேல் ஏற்றி, விரலை விட்டு, காது நுனி, தொடை, வயிற்றோரம் என்று தேடுவாள். நான் டீயோடு போய் நிற்பேன்.

"ஏதாவது தெரியுதாக்கா?"

"நாலு மாசத்துல தெரியாது. ஆறுல தெரியும்."

ஆறு மாதம் ஆனது. "பொட்டைக்குச் சீக்கிரம் மாறும். ஆணுக்கு லேட்டாகும் போல." எட்டு மாதம். பத்து. மேஜரின் முதுகு கண்ணாடி மாதிரி மின்னியது. காது முடி இன்னும் நீண்டு, தண்ணீர் குடிக்கும்போது தட்டில் நனைந்தது. தெருவில் கூட்டிப்போனால் ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டார்கள், என்ன போட்டுச் சீவுறீங்க என்று. ஒவ்வொரு பாராட்டுக்கும் அக்காவின் முகம் சுருங்கியது.

வருஷம் முடிந்த அன்று டாக்டரிடம் போய் நின்றாள். "ஏன் சார் மாறல?"

"எல்லா நாய்க்கும் மாறணும்னு இல்லையேம்மா. சிலதுக்கு மாறும், சிலதுக்கு மாறாது. எதுக்கு மாறும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேட்கலையே. பண்ணி முடிச்சிட்டுத்தானே வந்தீங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அக்கா மேஜரிடம் வேறு மாதிரி ஆகிவிட்டாள். முட்டை கொடுப்பதை நிறுத்தினாள். தரை கழுவுகிற சோப்பால் குளிப்பாட்டினாள். வெயிலில் கட்டிப்போட்டாள். நாய்க்குத் தோல் உரிந்து பொருக்குத் தட்டியது. முடி மட்டும் மாறவில்லை. நான் அவிழ்த்துவிடப் போனால், "உன் வேலையைப் பாரு" என்றாள். சொன்ன பிறகு தானே ஒரு நிமிஷம் விக்கித்து நின்றாள். அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அப்படியும் அவிழ்க்கவில்லை.

பதினாலாம் மாதம் அண்ணன் வந்தான். பட்டறை வேலையாக அந்தப் பக்கம் வந்தவன், கேட்டருகே மேஜரைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறான். நாய் குதித்துக்கொண்டு போய் அவன் மேல் விழுந்தது. அவன் குனிந்து தடவிக் கொடுத்தான். தடவிய கை முதுகிலேயே நின்றது. காதைப் பிடித்துப் பார்த்தான். தொடையைப் பார்த்தான். அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வருஷத்துக்கு மேல ஆச்சுல்ல?" என்றான்.

"ஆச்சு."

"நல்லாத்தானே இருக்கு."

அக்கா மேஜரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்போ நீ மெஷின்தான் போட்டிருக்கே." குரலில் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. "அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா நாலு திட்டோட போயிருக்கும். வயித்துல பொறந்த மாதிரி வளர்த்த நாயை அறுத்து, உன் வாழ்க்கையையும் கெடுத்துக்கிட்டு... என்ன ஜென்மமோ நீ." கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

டாக்டர் சொன்னதை அவள் அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நானாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் நம்பியிருப்பானா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் நான் வந்தபோது பின்னறையில் மெஷின் சத்தம். எட்டிப் பார்த்தேன். மேஜர் மேஜைமேல் நின்றிருந்தது. போட்டிக்குப் பழக்கிய நாய், ஆடாமல் அசையாமல், தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அக்கா கழுத்திலிருந்து வால் வரைக்கும் மெஷினை இழுத்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பாளம் பாளமாக முடி விழுந்தது. அடியில் ரோஸ் நிறத் தோல். காதையும் விடவில்லை. மார்பையும் விடவில்லை. முடிந்ததும் நாய் குளிரில் நடுங்கியது. எலி மாதிரி சுருங்கிப்போயிருந்தது.

"என்னக்கா இது?"

"முளைக்கட்டும்."

"அக்கா, மெஷின் பட்டா..."

"தெரியும். முளைக்கட்டும்."

முளைத்ததும் மூன்றாவது வாரம் மறுபடி மழித்தாள். அப்புறம் ஒரு தடவை. அதற்கப்புறம் விட்டுவிட்டாள். ஏழெட்டு மாதத்தில் அவள் நினைத்தது நடந்தது. மேஜருக்குப் பஞ்சு முளைத்தது. முதுகில் பரட்டை, தொடையில் சுருள், வெளுத்த நிறம். பட்டுவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அம்மாவும் பிள்ளையும் அச்சு அசல். அக்கா இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாள் கழித்து அன்று முட்டை வேகவைத்துப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை என்கூட வா. சாட்சி நீதானே" என்றாள்.

எதற்கு என்று தெரிந்தேதான் போனேன். பட்டுவுக்கு நடந்தது உண்மை, மேஜரை வைத்துக் காட்டப்போவது பொய் என்று தெரியும். அவளிடம் வேறென்ன இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்டோவில் நாய்களோடு போய் இறங்கினோம். அண்ணன்தான் கதவைத் திறந்தான். உள்ளே விட்டான். கூடத்தில் ஸ்பேனியல் போட்டோக்கள் இல்லை. அந்த இடங்களில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சோபாவில் அண்ணி. காலடியில் வழவழவென்று, முடியே இல்லாத மாதிரி, இரண்டு உயரமான கறுப்பு நாய்கள். எங்கள் நாய்களைப் பார்த்ததும் உறுமின.

"மாறிடுச்சு அண்ணா" என்றாள் அக்கா. "தொட்டுப் பாரு."

அண்ணன் மேஜரின் முதுகில் கை வைத்தான். பட்டுவைத் தொட்டான். திரும்ப மேஜரை. "ஆமா," என்றான். "மாறித்தான் இருக்கு. அன்னிக்கு நான் பார்த்தப்போ நல்லா இருந்ததே."

"சிலதுக்கு லேட்டா மாறும்னு டாக்டர் சொல்றார்." இதைச் சொன்னது நான். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"அப்போ நீ சொன்னது நிஜம்தான் போல" என்றான் அண்ணன். அண்ணி பக்கம் திரும்பினான். "இங்க பாரேன், அந்த முடி விஷயம்."

"எந்த முடி?" என்றாள் அண்ணி.

"பட்டு முடி. இவ மெஷின் போட்டான்னு சொன்னோமே."

"அட, அதுவா!" அண்ணி ஒரு கறுப்பு நாயின் காதை நீவிக்கொண்டே சிரித்தாள். "அதை இன்னுமா பிடிச்சுத் தொங்கிட்டிருக்கே? நாங்க அந்த ஜாதியே விட்டாச்சு. சீவறது, பறிக்கறது, ஒரு தொல்லையும் இல்லை. இதுங்களுக்கு ஈரத்துணியால துடைச்சா போதும்."

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். இதற்கு அப்புறம் என்ன என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்பார்கள், அழுவார்கள், திட்டியாவது தீர்ப்பார்கள் என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள். உக்காரு என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"வந்ததுதான் வந்தே," என்றாள் அண்ணி, "இதுங்களுக்கு நகம் வெட்டிட்டுப் போயேன். நான் வெட்டினா ரத்தம் வருது. உன் கைன்னா ஆடாம நிக்கும்."

வேண்டாம் அக்கா, வா போகலாம் என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நகவெட்டி எங்க இருக்கு அண்ணி?" என்றாள். ஒவ்வொரு பாதமாக மடியில் வைத்து, இரண்டு நாய்க்கும் வெட்டி முடித்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அண்ணி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜரும் பட்டுவும் வாசல் மிதியடியில் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அண்ணன் நம்பிட்டான்ல?"

"நம்பிட்டாருக்கா."

"நீயும் கேட்டே இல்ல, நிஜம்தான்னு அவன் வாயால சொன்னதை?"

"கேட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டாள். மேஜர் அவள் மடியில் தலையை வைத்திருந்தது. அவள் கை அதன் முதுகுக்குப் போய், பரட்டையில் பட்டதும் நின்று, ஆட்டோவின் ஓரக் கம்பிக்குப் போய்விட்டது.

அடுத்த மழைக்காலத்தில் பட்டு செத்துப்போனாள். மேஜர் இருக்கிறது. முடி பழையபடி திரும்பவே இல்லை. கிளினிக்குக்கு யாராவது ஸ்பேனியலைக் கருத்தடைக்குக் கூட்டி வந்தால் அக்கா பின்னறையிலிருந்து வந்து, "முடி மாறலாம், மாறாமலும் போகலாம். மாறினா யாரையும் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். வந்தவர்கள், யார் இந்தம்மா என்று என்னைப் பார்ப்பார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணனிடமிருந்து போன் வரும். நகம் வளர்ந்துவிட்டதாம். அக்கா முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, பஸ் பிடித்துப் போகிறாள். மேஜரை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அந்த வீட்டில் இப்போது அதைச் சேர்ப்பதில்லை. அவள் திரும்பி வரும்வரை அது கேட்டிலேயே மூக்கை வைத்துக்கொண்டு முனகும். முட்டை வைத்தாலும் தொடாது.